காசல்ரீ மேல பறக்கும்போது பைலட் மயங்கி விழுந்தா, பக்கத்து சீட்டில் இருக்கிறவர் என்ன செய்யணும்?

லக்சபான மழை (கேள்வி)

விமானம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். மிதவை பூட்டிய செஸ்னா கரவான் (ஒற்றை எஞ்சின் சிறு விமானம்), ஒரே ஒரு பைலட், இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு மேலே பறக்கிறது. அவருக்கு நெஞ்சு வலி வந்து நினைவு போய்விட்டது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு விமானம் ஓட்டவே தெரியாது. 2022 மே மாதம் புளோரிடாவில் இதே கரவானை ஒரு பயணி இறக்கினார். ஆனால் அங்கே கடலும் சமதரையும்தான். நம்ம பக்கம் சுற்றிலும் மலை. கீழே தெரியும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்குவதா, கட்டுநாயக்க விமான நிலையம் வரை போவதா? முதல் சில நிமிடங்களில் கை எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாது?

சமநிலை

முதலில் பைலட்டின் உடல். மயங்கியவர் முன்னால் சரிந்தால் நெஞ்சு ஸ்டியரிங்கை அழுத்தும், மூக்கு கீழே போகும். தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, தோள் பெல்ட்டை இறுக்குங்கள். கால்களை பெடலிலிருந்து விலக்குங்கள். பின் சீட்டில் ஆள் இருந்தால் இந்த வேலை அவர்களுடையது. கரவானில் நடுவே வழி இருப்பதால் அவரைப் பின்னால் இழுத்துப் படுக்க வைக்கலாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள் என்றால், மனசு கேட்காவிட்டாலும், உங்கள் கை விமானத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து இறக்கையை மட்டமாக்குவது. மலைநாட்டில் ஆளை ஏமாற்றும் இடம் இதுதான். சமதரையில் மூக்கை அடிவானத்தோடு வைத்தால் போதும். இங்கே எதிரே தெரிவது அடிவானம் இல்லை, மலை முகடு. அதோடு மூக்கை ஒத்து வைத்தால் விமானம் தலையைத் தூக்கிக்கொண்டே போய் வேகத்தை இழக்கும். வெளியே பார்த்து முடிவு செய்யாமல், திரையில் மேலே நீலம், கீழே மண்ணிறம் காட்டும் கருவியைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மட்டமாக இருந்தால் இறக்கையும் மட்டம். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தாலே போதும். பயத்தில் இறுக்கிப் பிடிக்கும் கைதான் விமானத்தைக் குலுக்கும்.

ஓட்டோபைலட் ஏற்கனவே ஓடினால் அணைக்காதீர்கள். ஸ்டியரிங்கில் உள்ள சிவப்புப் பொத்தான் அதை விடுவித்துவிடும், விரல் அதில் படவேண்டாம். ஓடாவிட்டால், விமானத்தை மட்டமாக்கிய பிறகு ஏ.பி. என்று எழுதிய பொத்தானை அமர்த்துங்கள். சில புதிய விமானங்களில் எல்.வி.எல். என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமர்த்தினால் ஓட்டோபைலட் தானே மட்டமாக்கித் தரும்.

நடுவில் வரிசையாகக் கைபிடிகள் இருக்கும். இடது ஓரத்தில் இருப்பது அவசர பவர் லீவர், அதைத் தொடவே கூடாது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் அளவைக் கட்டுப்பாடு இல்லாமல் கூட்டி, எஞ்சினைச் சுட்டுவிடும். அதற்கு அடுத்தது பவர் லீவர், உங்களுக்கு வேண்டியது இது ஒன்றுதான். பறக்கும்போது அதை ஐடிலுக்கு (மிகக் குறைந்த பவர் நிலை) பின்னால் இழுக்கவே வேண்டாம். அங்கே ஒரு தடுப்பு இருக்கும், தூக்கினால்தான் தாண்டும். தாண்டினால் விசிறி காற்றை எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கும். வலது ஓரத்தில் இருப்பது ஃபிளாப் கைபிடி, மெல்லப் பறந்து இறங்க இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இறக்குவது.

டிக்கோயா காற்று

சமநிலை சொல்வது சரி. ஆனால் மிதவை விமானம்தானே? காசல்ரீ கீழேயே இருக்கிறது, தண்ணீரும் நீளமாகக் கிடக்கிறது. கட்டுநாயக்க நேர்கோட்டில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஓட்டத் தெரியாதவர் அவ்வளவு தூரம் போவதைவிட உடனே தண்ணீரில் இறக்கினால் என்ன?

மிதவையடி

டிக்கோயா காற்று, தயவுசெய்து அந்த எண்ணத்தை யாரும் மனதில் வைக்காதீர்கள். இந்த மிதவைக்குள் சக்கரமும் இருக்கிறது. தண்ணீரில் இறங்க சக்கரம் உள்ளே போயிருக்க வேண்டும், ஓடுபாதைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். நான்கு நீல விளக்கு என்றால் தண்ணீருக்குத் தயார், நான்கு பச்சை என்றால் ஓடுபாதைக்குத் தயார். சக்கரம் வெளியே இருக்கத் தண்ணீரைத் தொட்டால், சக்கரம் தண்ணீரில் மாட்டி விமானம் தலைகுப்புறப் புரளும். உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக, தண்ணீருக்கு அடியில் பெல்ட்டில் தொங்குவார்கள். அதே தவறை ஓடுபாதையில் மாற்றிச் செய்தால், அதாவது சக்கரத்தை வெளியே விடாமல் இறங்கினால், மிதவையின் அடிப்பக்கம் உரசி, தீப்பொறி பறந்து, விமானம் பெரும்பாலும் நேராக வழுக்கி நிற்கும். ஒரு தவறு உயிரை வாங்கும், மற்றது தகரத்தை வாங்கும். இந்தக் காரணம் ஒன்றே போதும் ஓடுபாதையைத் தேர்ந்தெடுக்க.

இன்னொன்று, காலை நேரத்தில் காசல்ரீத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, மலையும் வானமும்தான் அதில் தெரியும். தேர்ந்த மிதவை விமானிகளே அப்படிப்பட்ட தண்ணீரில் உயரத்தைக் கண்ணால் கணிக்காமல், மெல்ல ஒரே சீராக இறங்கித் தானாகத் தொடவிடுவார்கள். அதோடு நீர்மட்டமே கடலிலிருந்து 3,500 அடிக்கு மேல். காற்று அங்கே மெலிது, அதனால் கருவி காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் கூட. தவறவிட்டு மறுபடி ஏறலாம் என்றால் எதிரே மலை நிற்கும். தேயிலைச் சரிவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பச்சைக் கம்பளம் மாதிரித் தெரிந்தாலும் அது கல்லும் தண்ணீர்க் கானும் வெட்டிய சரிவு.

கோபுரக் காது

உயரம்தான் இங்கே உங்கள் கையிருப்பு. ரேடியோ அலை நேர்கோட்டில் போகும். நோர்வூட் பள்ளத்தாக்குக்குள் இருந்து கூப்பிட்டால் மலை அதை மறைக்கும், 9,500 அடியில் இருந்து கூப்பிட்டால் கொழும்பு கேட்கும். பிதுருதலாகலை 8,281 அடி, சிவனொளிபாதமலை 7,359 அடி. 9,500ல் இருந்தால் இலங்கையில் எந்த மலையும் உங்களைத் தொடாது.

ஏறும்போது பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எஞ்சினின் முறுக்குவிசையைக் காட்டும் டோர்க் மீட்டர் சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டாம். ஓட்டோபைலட்டில் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி மட்டும் ஏறச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் அது கீழ்ப்படிந்து மூக்கைத் தூக்கும், வேகம் கரைந்துபோகும். வேகம் 100 நொட்டுக்கு (நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே போனால் ஏறுவதை நிறுத்திவிடுங்கள். மலை நெருங்கி, ஏறி முடியாது என்று பட்டால், பள்ளத்தாக்கு அகலமாகத் திறக்கும் பக்கம் மெல்லத் திரும்பி, அங்கே சுற்றியபடி ஏறுங்கள்.

ஸ்டியரிங்கில் ரேடியோப் பொத்தான் இருக்கும். அமர்த்திப் பேசுங்கள், விட்டுக் கேளுங்கள். விடாமல் அமர்த்திக்கொண்டே இருந்தால் யார் பதில் சொன்னாலும் கேட்காது. இருக்கிற அலைவரிசையிலேயே "மேடே" என்று மூன்று தரம் சொல்லி, பைலட் மயக்கம், எனக்கு ஓட்டத் தெரியாது, எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அவசர அலைவரிசை 121.5க்கு மாற்றுங்கள். மேலே போகும் பெரிய விமானங்கள் பல அதைக் கேட்டுக்கொண்டிருக்கும், செய்தியைக் கடத்தித் தரும். ராடாருக்கு விமானத்தின் எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பொண்டரில் 7700 போட்டால் ராடார்த் திரையில் அபாயம் என்று காட்டும்.

எந்தப் பக்கம் போவது என்பது பருவத்தைப் பொறுத்தது. ஹட்டனிலிருந்து ஹெடிங் (திசைகாட்டிப் பாகை) ஏறத்தாழ 295 வைத்தால் கினிகத்தேனை, எட்டியாந்தோட்டை என்று நிலம் தாழ்ந்துகொண்டே கட்டுநாயக்க வரும், கரவானுக்கு 20 நிமிடம் சொச்சம். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளைப் பக்கம் மேகம் அடைத்து நிற்கும். அப்போது ஊவாப் பக்கம் வானம் திறந்திருப்பது வழக்கம், தென்கிழக்கே மத்தளவில் 3,500 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. கட்டுநாயக்க 3,350 மீட்டர். இரண்டுமே தாராளம். ஓட்டோபைலட் இல்லாமல் மேகத்துக்குள் நுழையவே கூடாது. 1954ல் இலினோய் பல்கலைக்கழகம் கருவியை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து நடத்திய ஆய்வில், 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரி 178 வினாடியில்.

கட்டுப்பாட்டாளர் சொல்லும்வரை ஒரு அடிகூட இறங்காதீர்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் மோதிய டீ.சி. 8 பயணிகள் விமானத்தில் தேர்ந்த விமானிகள்தான் இருந்தார்கள். கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து மலைக்கு மேலேயே இறங்கினார்கள். 191 பேர் போனார்கள்.

சமநிலை

இறங்கும் கட்டத்தைச் சேர்க்கிறேன். ஓடுபாதையிலிருந்து 10 கடல் மைலில் தரையிலிருந்து 3,000 அடி, அதாவது ஒரு மைலுக்கு 300 அடி. ஃபிளாப் ஒரு படி, வேகம் 90 நொட், நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 அடி இறக்கம். இதை உயரத்தில் ஒருமுறை செய்து பழகிவிட்டு வாருங்கள். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்கு தெரியும்: இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரி, நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. வேகம் கூடினால் நீண்ட ஓடுபாதை பொறுத்துக்கொள்ளும். குறைந்தால் யாரும் பொறுக்க மாட்டார்கள். அதனால் மூக்கைத் தூக்கித் தூரத்தை நீட்டப் பார்க்காதீர்கள், பவரைக் கூட்டுங்கள்.

மிதவை விமானத்தில் சக்கரம் உங்கள் கண்ணுக்கு வெகு கீழே இருக்கும். நீங்கள் நினைப்பதற்கு முன்பே தரை வந்துவிடும். ஓடுபாதையின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டு, பவரை மெல்ல ஐடிலுக்குக் கொண்டுவந்து, மூக்கைக் கொஞ்சமே தூக்கிப் பிடித்திருங்கள். துள்ளினால் ஸ்டியரிங்கை முன்னால் தள்ளாதீர்கள், அப்படியே பிடியுங்கள். தரையில் ஸ்டியரிங் கார் மாதிரித் திருப்பாது. பெடலின் மேல்பகுதி பிரேக். இந்த வகையில் முன்சக்கரம் தன்பாட்டில் சுழலும், அதனால் இடது வலது பிரேக்கைத் தனித்தனியாக அழுத்தித்தான் நேராக்க வேண்டும்.

முதல் முயற்சி சரியாக வராவிட்டால் விட்டுவிட்டு ஏறுங்கள். 2013ல் இங்கிலாந்தின் ஹம்பர்சைட்டில், 77 வயதுப் பயணி ஒருவர் நான்காவது முயற்சியில்தான் செஸ்னா 172ஐ இறக்கினார்.

லக்சபான மழை

நன்றி அண்ணன்மாரே. முகட்டை அடிவானம் என்று நினைப்பதும் சக்கரமும் தண்ணீரும் இப்போதுதான் புரிந்தது. நின்ற பிறகு எஞ்சினை எப்படி அணைப்பது?

மிதவையடி

ஃபிளாப் கைபிடிக்குப் பக்கத்தில் இருக்கும், எரிபொருளை நிறுத்தும் கண்டிஷன் லீவரைப் பின்னால், கட்-ஓஃப் வரை இழுங்கள். விசிறி முழுக்க நிற்கும்வரை யாரும் கதவைத் திறக்கக்கூடாது. அம்புலன்ஸ் ஆட்கள் ஓடிவருவார்கள், அவர்களும் விசிறிப் பக்கமாக வராதபடி பின்கதவைக் கைகாட்டுங்கள்.