சிறிய மடிக்கணினியின் முகப்புத் திரை நிரம்பிவிட்டது: வேண்டிய செயலியை உடனே திறப்பதற்கு எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி: நோர்வூட் கடை

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். நோர்வூட்டில் போட்டோகொப்பி எடுப்பது, கடிதமும் விண்ணப்பமும் தட்டச்சு செய்து கொடுப்பது என்று ஒரு சிறிய கடையை நான் தனியாக நடத்தி வருகிறேன். கடையில் இருப்பது 11.6 அங்குலத் திரையுள்ள ஒரே ஒரு மடிக்கணினி. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, திரை 1366க்கு 768 புள்ளிகள்.

ஒவ்வொரு வேலையையும் அவசரத்தில் டெஸ்க்டொப்பிலேயே சேமித்து வந்ததால் இன்று எண்ணிப் பார்த்தபோது 118 ஐகன்கள் இருந்தன. இடம் போதாமல் சில ஐகன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. வேர்ட் எங்கே, ஸ்கேன் எங்கே என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் அரைப் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்துவிட்டு வருகிறவர்கள். நான் ஐகன் தேடும் நேரமெல்லாம் அவர்களுடைய நேரம் என்பது எனக்கு மிகவும் மனவருத்தமாக இருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை அதைவிட மோசமாக ஒன்று நடந்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதிக்காக ஒரு அக்காவுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வேர்ட் ஐகனைத் தேடுவதற்குச் சோம்பல்பட்டு, பக்கத்தில் கிடந்த வேறொருவருடைய கடிதத்தைத் திறந்து, பெயரையும் இலக்கங்களையும் மாற்றி அப்படியே சேமித்துவிட்டேன். மறுநாள் பழைய கடிதத்தின் சொந்தக்காரர் இன்னொரு பிரதி கேட்டு வந்தபோது அது அழிந்துபோயிருந்தது. அவரை மறுபடியும் உட்காரவைத்து எல்லா விபரங்களையும் முதலிலிருந்து கேட்டு எழுதினேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சனிக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து முன்பள்ளிக் கட்டிடத்தில் நடக்கும் மாலை வகுப்புக்கு இதே கணினியைக் கொண்டுபோய் ப்ரொஜெக்டரில் இணைக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் நான் வரிசைப்படுத்தி வைத்த ஐகன்களெல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. புதிய கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: இராகலை

சகோதரி, டெஸ்க்டொப்பில் இவ்வளவு ஐகன்கள் இருந்தால் 4 ஜிபி ராம் தாங்காது. எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழித்துவிடுங்கள், கணினி வேகமாகிவிடும்.

பதில்: ஹட்டன் கணினி திருத்துநர்

தங்கச்சி, தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள். இராகலை நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் உங்கள் டெஸ்க்டொப்பில் இரண்டு வகையான பொருட்கள் கலந்து கிடக்கின்றன. இடப்பக்கக் கீழ்மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது ஷோர்ட்கட், அதாவது வேறிடத்தில் இருப்பதைத் திறக்கும் குறுக்குவழி மட்டுமே. அதை அழித்தாலும் செயலி கணினியில் அப்படியே இருக்கும். அம்புக்குறி இல்லாதது உண்மையான கோப்பு. அதை அழித்தால் வேலையே போய்விடும். ஐகன்கள் ராமில் எடுக்கும் இடமும் மிகச் சிறிது. கணினி மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம், அதை இயக்கும்போதே பின்னணியில் தாமாகத் தொடங்கும் செயலிகள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிக்குப் போய் உங்களுக்குத் தேவையில்லாதவற்றை ‘டிசேபிள்’ செய்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடையில் ஒரு நாளைக்கு நீங்கள் உண்மையில் திறக்கும் செயலிகள் ஆறு, மிஞ்சினால் ஏழுதான் இருக்கும். அவற்றுக்கு உரிய இடம் திரையின் அடியில் நீளமாக இருக்கும் பட்டையான டாஸ்க்பார். டெஸ்க்டொப்பில் இருந்தால் திறந்திருக்கும் சாளரங்கள் அவற்றை மறைத்துவிடும், டாஸ்க்பார் எப்போதும் கண்முன் இருக்கும். செயலியை ஒரு தடவை திறந்து, கீழே தெரியும் அதன் ஐகன்மீது வலது கிளிக் செய்து ‘பின் டு டாஸ்க்பார்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு இழுத்து வரிசைப்படுத்துங்கள். வேர்ட் முதலாவது, ஸ்கேன் இரண்டாவது, பிரௌசர் மூன்றாவது, எக்செல் நான்காவது என்று வைத்தீர்களானால், விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு 1ஐ அழுத்தினால் வேர்ட் வரும், 2ஐ அழுத்தினால் ஸ்கேன் வரும். 9 வரைக்கும் இப்படிப் போகலாம், பத்தாவதற்கு 0. மவுஸைத் தொடவே வேண்டாம். நான் திருத்திக் கொடுக்கும் கடைக் கணினிகளிலெல்லாம் முதலில் செய்து கொடுப்பது இதைத்தான்.

உங்கள் திரைக்கு இன்னொன்றும் பொருந்தும். 1366 அகலம் தாராளம், 768 உயரம்தான் நெருக்கடி. அடியில் கிடக்கும் டாஸ்க்பார் அந்த உயரத்தில் 40 புள்ளிகளைத் தின்கிறது. விண்டோஸ் 10இல் டாஸ்க்பார் அமைப்புகளுக்குள் சென்று அதை இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டால், வேர்டில் கடிதத்தின் இன்னும் ஓரிரு வரிகள் கூடுதலாகத் தெரியும். அப்போது எண் வரிசை மேலிருந்து கீழாக வரும். பிற்காலத்தில் கணினியை மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது இப்படிப் பக்கவாட்டில் வைக்கும் வசதி அதில் இருக்கவில்லை.

கோப்புகளுக்கு, டொகியுமன்ட்ஸில் ‘வேலை’ என்று ஒரு போல்டரும் அதற்குள் மாதத்துக்கு ஒன்றாகப் போல்டர்களும் போதும். 118ஐயும் ஒரே நாளில் பிரிக்க முயல வேண்டாம். ‘பழையவை’ என்று ஒரு போல்டர் திறந்து அம்புக்குறி இல்லாத அனைத்தையும் ‘கட்’ செய்து அதற்குள் ‘பேஸ்ட்’ செய்துவிடுங்கள். ‘கொப்பி’ செய்தால் 64 ஜிபியில் இரட்டிப்பு இடம் போகும். ஒரே டிஸ்க்குக்குள் ‘கட்’ செய்தால் இடம் கூடாது.

பதில்: பண்டாரவளை ஆசிரியை

அன்பின் சகோதரிக்கு, ஹட்டன் அண்ணா சொன்னவற்றோடு இன்னும் மூன்று விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

அழிந்துபோன கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்கள் கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததல்ல, மாதிரிக் கடிதம் என்று தனியாக ஒன்று இல்லாததால் நேர்ந்தது. நீங்கள் அடிக்கடி எழுதும் கடிதத்தை, பெயரும் இலக்கமும் வரும் இடங்களை வெறுமையாக விட்டு, ‘சேவ் ஏஸ்’ மூலம் ‘வேர்ட் டெம்ப்ளேட்’ வகையாகச் சேமியுங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்து திறக்கும்போது வேர்ட் மூலத்தைத் திறக்காமல் பெயரிடப்படாத புதிய பிரதி ஒன்றையே தரும். எவ்வளவு அவசரத்தில் சேமித்தாலும் மூலத்தின்மேல் எழுதப்படாது. டெஸ்க்டொப்பில் வைக்கத் தகுந்தவை இந்த மாதிரிகளின் ஷோர்ட்கட்கள்தான். நான் பாடசாலைக் கணினியில் பாமினி என்ற பழைய முறைத் தமிழ் எழுத்துருவுக்கு ஒரு மாதிரியும் இப்போது பொதுவாகப் பயன்படும் யுனிகோடு முறைக்கு ஒரு மாதிரியுமாக இரண்டு வைத்திருக்கிறேன், ஏனென்றால் பாமினிக்கு விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், யுனிகோடுக்குத் தமிழில் இருக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் அது மாறும். எந்த மாதிரியைத் திறந்தோம் என்பது பெயரிலேயே தெரிந்தால், ஒரு பந்தி முழுவதையும் தவறான எழுத்தில் அடித்துவிட்டு அழிக்க நேராது.

ஐகன்கள் கலைவதற்குக் காரணம் ப்ரொஜெக்டர்தான். 1024க்கு 768 போன்ற குறைந்த புள்ளிகள் கொண்ட ப்ரொஜெக்டரை, இரண்டு திரையிலும் ஒன்றையே காட்டும் ‘டுப்ளிகேட்’ முறையில் இணைக்கும்போது, உங்கள் திரையும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. ஓரத்தில் இருந்த ஐகன்கள் வேறு இடம் தேடி நகர்கின்றன. விண்டோஸ் விசையோடு P ஐ அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ முறையைத் தெரிவுசெய்தால் உங்கள் திரையின் அளவு மாறாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய சாளரத்தை மட்டும் வலப்பக்கமாக இழுத்து ப்ரொஜெக்டர் திரைக்கு அனுப்புங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: உங்கள் டெஸ்க்டொப்பில் இருப்பவை வகுப்பின் சுவரில் விழாது.

மூன்றாவதாக நான் சொல்ல வருவது என் மனதை உறுத்துவது. கடைத் திரை மேசைக்கு வெளியே நிற்பவர்களின் கண்ணில் படும். ஆளின் பெயரோடு அடையாள அட்டைப் பிரதிகள் டெஸ்க்டொப்பில் வரிசையாக இருந்தால், அடுத்து நிற்பவர் யார் யார் எதற்கு வந்தார்கள் என்று வாசித்துவிடலாம். நம்மை நம்பி அட்டையை நீட்டுகிறவர்களுக்கு அது நியாயமல்ல. பிரின்ட் எடுத்து முடிந்ததும் ஸ்கேன் கோப்பை ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டிலீட் செய்யுங்கள். அது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. ஆகவே அழுத்துவதற்கு முன் சரியான கோப்புத்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: நோர்வூட் கடை

ஹட்டன் அண்ணாவுக்கும் டீச்சருக்கும் மிக்க நன்றி. இராகலை நண்பரே, நீங்களும் நேரமெடுத்துப் பதில் எழுதியதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து செய்தேன். டாஸ்க்பார் இப்போது இடப்பக்கத்தில் இருக்கிறது, அதில் ஆறு செயலிகள். டெஸ்க்டொப்பில் ரீசைக்கிள் பின்னும் ஐந்து மாதிரிகளின் ஷோர்ட்கட்களும் மட்டுமே மிச்சம். அடையாள அட்டை ஸ்கேன்கள் மட்டும் 43 இருந்தன. டீச்சர் எழுதியதை வாசித்த பிறகு அவற்றைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. சேமலாப நிதி மாதிரியை மவுஸ் இல்லாமல் திறப்பதற்காக அதன் ஷோர்ட்கட்டின் ‘ப்ரொபர்ட்டீஸில்’ கன்ட்ரோல், ஓல்ட், 1 என்று கொடுத்தேன். வேறு எங்கு இருந்தாலும் அது வேலை செய்கிறது. ஆனால் வேர்டில் இன்னொரு கடிதம் எழுதும்போது அழுத்தினால் குழப்பமாகிறது. முன்னர் அதே விசைகளுக்கு வேர்டில் நான் எழுதும் வரி தலைப்புப் போலப் பெரிதாகிவிடும். எதனால் இந்த மோதல்?

பதில்: ஹட்டன் கணினி திருத்துநர்

கன்ட்ரோல், ஓல்ட், 1 என்பது வேர்டில் ‘ஹெடிங் 1’ பாணிக்கு ஏற்கெனவே உரியது, தங்கச்சி. ஒரே விசைக்கூட்டை இரண்டு பக்கமும் கேட்கிறது. அதே ‘ப்ரொபர்ட்டீஸில்’ ‘ஷோர்ட்கட் கீ’ என்ற கட்டத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓல்ட் மூன்றோடும் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஷோர்ட்கட் டெஸ்க்டொப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் விசை வேலை செய்யும், ஆகையால் அதை வேறு போல்டருக்கு நகர்த்திவிட வேண்டாம்.

பதில்: நோர்வூட் கடை

கன்ட்ரோல், ஷிப்ட், ஓல்ட்டோடு E என்று மாற்றினேன். வேர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் மாதிரி சரியாகத் திறக்கிறது. இன்று காலை மழையோடு ஏழு பேர் ஒன்றாக வந்து நின்றார்கள். ஒருவரையும் ஐகனுக்காகக் காக்கவைக்கவில்லை.