ஜோயி அலெக்சாண்டர் ட்ரையோ: ஜாஸ் கிளப்பில் எங்கே உட்காருவது, எதைக் கேட்பது?

கறுப்புவெள்ளை:
வணக்கம். நியூயார்க்கில் ஒரு ஜாஸ் கிளப்பில் பியானோக் கலைஞர் ஜோயி அலெக்சாண்டரின் ட்ரையோவை (பியானோ, கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியமான பாஸ், டிரம்ஸ் மூவர் குழு) கேட்க டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் பியானோ கிரேடு 6 வரை படித்தது, எல்லாமே கிளாசிக்கல். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது? சிறுவனாக அவர் வாசித்த ஸ்டாண்டர்டுகளுக்கும் (எல்லா ஜாஸ்காரர்களும் வாசிக்கும் பழைய உருப்படிகள்) இப்போது அவரே அமைக்கும் உருப்படிகளுக்கும் வித்தியாசம் காதில் எப்படிப் பிடிபடும்? போவதற்குள் வீட்டில் எதையாவது வாசித்துப் பார்க்கலாமா?

தாளக்கணக்கு:
முதலில் நடைமுறை. கிளப்பில் ஒரே இரவில் பெரும்பாலும் 2 செட், அதாவது 2 தனிக் காட்சி, ஒவ்வொன்றும் 60 முதல் 75 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். டிக்கெட் விலைக்கு மேல் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் தலைக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, பல இடங்களில் 20 டாலர். டிப்ஸ் தனி. பல கிளப்புகளில் முன்னால் வந்தவருக்கு முன் இருக்கை என்பதுதான் முறை, அதனால் கதவு திறக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்க. விரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையைப் பார்த்து உட்காரும்போது உங்க இடது கைப் பக்கம். மூடி பார்வையாளர் பக்கம் திறக்கும்படி பியானோவை வைப்பதால் வாசிப்பவர் எப்போதும் இடது ஓரத்தில்தான் இருப்பார்.

கேட்கும் முறைக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: பார் எண்ணுங்க. பார் என்றால் பெரும்பாலும் 4 அடி கொண்ட ஒரு தாளக் கட்டம். மெட்டு ஒருமுறை வரும். அதற்குப் பிறகு அதே பார் எண்ணிக்கையும் அதே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வரிசையும் திரும்பத் திரும்பச் சுற்றும், அதன் மேல்தான் கற்பனை, அதாவது அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பது. ப்ளூஸ் என்றால் 12 பார். பழைய பாட்டுகளில் பலவற்றுக்கு 32 பார், ஏ ஏ பி ஏ என்று எட்டெட்டாக: ஏ ஒரே மெட்டு, பி வேறு மெட்டு. பியானோ, பிறகு பாஸ், பிறகு டிரம்ஸோடு 4 பார் 4 பாராக மாற்றிக்கொள்வது, கடைசியில் மறுபடி மெட்டு. அந்த மாற்று வாசிப்பு தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்வது மாதிரிதான், ஆனால் குறைப்பு கிடையாது. 4 பார் கடைசி வரை 4 பாராகவே நிற்கும். கால் தட்டினாலும் கை தட்டினாலும் 2, 4 ஆம் அடிகளில். 1, 3 இல் தட்டினால் பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கும்.

அந்தரகாந்தாரம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஜோயி 2003 இல் பாலியில் பிறந்தவர். 6 வயதில் ஒரு சின்ன எலக்ட்ரிக் கீபோர்டில் ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மோங்கின் உருப்படியைக் காதால் கேட்டே பிடித்தார், 2014 இல் டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸ் அழைத்து நியூயார்க் மேடையில் ஏற்றினார். 2015 இல் முதல் ஆல்பம் வெளியானபோது வயது 11. அதில் அவர் எழுதியது 'மா ப்ளூஸ்' மட்டுமே, மற்றவை பிறருடையவை. கிராமி பரிந்துரை வாங்கித் தந்தது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' மேல் வாசித்த கற்பனை.

அது ஏன் பெரிய விஷயம் என்றால், 16 பாருக்குள் 26 கார்டு. பி, ஜி, இ ஃபிளாட் என்று மூன்று சுருதி, ஒன்றுக்கொன்று அந்தர காந்தார தூரம். முதல் 3 பாருக்குள்ளேயே ஸ மூன்று இடத்துக்கும் போய்விடும். கோல்ட்ரேனின் 1959 பதிவின் வேகத்தில் ஒரு சுற்று 14 வினாடிக்குள் முடியும். அந்தப் பதிவில் டாமி ஃபிளானகன் போன்ற கைதேர்ந்த பியானோக்காரரே தட்டுத்தடுமாறினார். அதற்காக அதை வைத்து எண்ணிப் பழக வேண்டாம், தொலைந்துபோவீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், அந்த வேகம்தான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் சுவாரஸ்யம் குறைந்த பகுதி. 2020 இல் வந்த 'வார்னா' ஆல்பத்தில் ஜோ ஹெண்டர்சன், ஸ்டிங் ஆகியோரின் உருப்படிகள் தவிர எல்லாம் சொந்தம். 2022 இல் 'ஆரிஜின்' முழுக்கச் சொந்தம், அதில் ஃபெண்டர் ரோட்ஸ் என்ற எலக்ட்ரிக் பியானோவும் வாசிக்கிறார். கிளப்பில் எப்படிப் பிரித்தறிவது? இன்று எழுதுகிறவர்கள் 32 பார் அச்சில் அதிகம் எழுதுவதில்லை. இடது கையும் பாஸும் சேர்ந்து ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்தால், மெட்டின் பகுதிகள் எட்டெட்டாக உடையாவிட்டால், டிரம்ஸுக்கென்றே நிறுத்தங்கள் எழுதப்பட்டிருந்தால், அது புது உருப்படியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒலிப்பலகை:
இருக்கை பற்றி ஒரு மறுப்பு. இடது ஓரத்தின் முன் வரிசையில் விரல் தெரியும், ஆனால் ஒலி கோணலாக வரும். மூடியில் பட்டு வெளியே வரும் ஒலி உங்களைத் தாண்டிப் போய்விடும், கையின் தட்டல் சத்தம்தான் மிஞ்சும். இரண்டாவது மூன்றாவது மேஜையில், பியானோவின் வளைவுக்கு நேராக உட்காருங்கள். சின்ன அறையில் டிரம்ஸ் பியானோவை அமுக்கிவிடும் என்பதால் மைக் வைத்தே ஆக வேண்டும். அந்த மைக்கிலேயே சிம்பலும் பாஸும் புகுந்துவிடும், ஒலியைக் கூட்டினால் ஊளையிடும். மூடியை அதைத் தாங்கும் குட்டைக் கோலில் தாழ்த்தி, சுத்தியல்களுக்கு ஒரு சாண் மேலே இரண்டு மைக் வைப்பது இதற்காகத்தான். முதல் உருப்படியில் பியானோ மங்கலாகக் கேட்டால் வாசிப்பவரைக் குறை சொல்லாதீர்கள், ஆட்கள் நிறைந்த அறைக்கு ஏற்ப ஒலிக்காரர் சரிசெய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். மேடை விளக்குச் சூட்டில் சுருதி நகர்வதும் உண்டு: ஒரே கட்டைக்குரிய மூன்று கம்பிகள் மேல் ஸ்தாயியில் லேசாக அலையடிக்கும்.

கறுப்புவெள்ளை:
நன்றி. மூன்றாவது கேள்வி விட்டுப்போச்சு. பியானோவில் எங்கிருந்து தொடங்கலாம்?

அந்தரகாந்தாரம்:
டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. இந்த மூன்று கார்டு வரிசை பழைய பாட்டுகளில் அடிக்கடி வரும். இடது கையில் ஆதார ஸ்வரத்தை விட்டுவிடுங்கள், அது பாஸ்காரர் வேலை. முதல் கார்டுக்கு எஃப் ஏ சி இ. இரண்டாவதுக்கு எஃப் ஏ பி இ. சி மட்டும் பி ஆக இறங்குகிறது, மற்ற மூன்றும் அசையாது. மூன்றாவதுக்கு இ ஜி பி டி. எஃப் என்றது நடு சிக்குக் கீழே உள்ள எஃப். ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் சேறாகிவிடும். மெட்ரோனோமை 60 இல் வைத்து, அந்தத் தட்டையே 2, 4 ஆம் அடியாக எடுத்துக்கொள்ளுங்கள், வேகம் 120 ஆகும்.

கிரேடு பரீட்சைக்காரர்கள் இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். கார்டு மாறும்போதெல்லாம் பெடலை மிதித்துத் தாளத்தைக் கரைப்பது ஒன்று. எல்லா அரை அடி ஸ்வரங்களையும் 2:1 என்று (முதலாவது நீளம், அடுத்தது குட்டை) நொண்ட வைப்பது இன்னொன்று. நிதான வேகத்தில் அது சரி, வேகம் ஏற ஏற ஸ்வரங்கள் சமமாகிவிட வேண்டும்.

தாளக்கணக்கு:
முதலில் ஒரு 12 பார் ப்ளூஸை ரெக்கார்டில் போட்டு, விரல் மடக்கி எண்ணி, எங்கே புதுச் சுற்று தொடங்குகிறது என்று சொல்லிப் பாருங்க. புதுச் சுற்றின் முதல் அடியில் டிரம்மர் பல நேரம் ஏதாவது ஒரு அடையாளம் வைப்பார், பெரும்பாலும் சிம்பலில்.