இரண்டு பைட்டு வித்தியாசம்

டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் அப்பா எழுதிய கணக்கு நிரல் இது. சோர்ஸும் (நிரலின் மூல வரிகள்) டேட்டா கோப்பும் மட்டும் ஒரு பழைய காப்பியில் தப்பிப் பிழைத்திருந்தன. இதை லினக்ஸில் ஓட வைத்தே தீருவது என்று ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரை (மூல வரிகளை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் கருவி) நிறுவி, டர்போ பாஸ்கல் மோடில் கொடுத்துப் பார்த்தேன்.

பெரும்பாலான கோடு அப்படியே கம்பைல் ஆனது. டாஸ் காலத்து வழக்கப்படி திரை நினைவகத்தில் நேரடியாக எழுதிய சில வரிகளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம்தான் தலைவலி. முதல் ஆளின் பெயர் சரியாக வந்தது, தொகை மட்டும் கன்னாபின்னாவென்று இருந்தது. இரண்டாவது பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைக் காணோம். மூன்றாவதில் நான்கு!

இரண்டிரண்டாகத் தேய்வதைப் பார்த்ததும் ஒரு ஆளின் விவரம் அடங்கிய ரெக்கார்டின் அளவைக் கணக்குப் போட்டேன். எண்ணுக்கு 2 பைட்டு, 30 எழுத்துப் பெயருக்கு நீளத்தையும் சேர்த்து 31, தொகையை வைத்திருக்கும் ரியலுக்கு (தசம எண்) 6. மொத்தம் 39. ஆனால் கம்பைலர் 41 என்றது. டர்போ பாஸ்கலின் ரியல் 6 பைட்டு, இங்கே 8. இடைவெளியில்லாமல் அடுக்கச் சொல்லும் பேக்டு ரெக்கார்டு என்று ஏற்கெனவே போட்டிருந்ததால் வேறு இடைவெளி எதுவும் இல்லை. அந்தப் பழைய வடிவத்துக்கென்றே ரியல்48 என்று ஒரு வகையை வைத்திருக்கிறார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் என் அப்பாவின் கோப்பை நினைத்து எழுதி வைத்தது போல இருந்தது எனக்கு. அதை வைத்துப் படித்து, புதுக் கோப்புக்கு மாற்றினேன்.

டாஸுக்கு இனி புதிய டர்போ பாஸ்கல் வராது என்று தெரிந்ததும், 1993இல் ஒரு மாணவர் தொடங்கிய வேலை இந்தக் கம்பைலர். அது இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

அப்பாவின் நோட்டில் இருந்த கடைசி மொத்தமும் திரையில் வந்த மொத்தமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன.

⁂

அப்பாவின் டர்போ பாஸ்கல் நிரலை லினக்ஸில் ஓட வைத்த உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையது நினைவுக்கு வந்தது. என்னிடம் இருந்த பழைய நிரல் வேகமான கணினியில் திறந்தவுடனே ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடும். டர்போ பாஸ்கலில் திரையைக் கையாளும் சிஆர்டி (Crt) யூனிட், கணினியின் வேகத்தை அளக்கும் இடத்தில் வகுத்தலில் சிக்கிக்கொள்வதுதான் காரணம். நல்லவேளை, சோர்ஸ் கையில் இருந்தது. ஃப்ரீ பாஸ்கலின் சிஆர்டி அதை உருவாக்கியவர்களே புதிதாக எழுதியது, அதனால் அதில் மறுபடி கம்பைல் செய்ததும் அந்தப் பிழை போய்விட்டது. லினக்ஸில் மட்டும் ‘எரர் 2’ (கோப்பு கிடைக்கவில்லை) வந்தது: கோப்பின் பெயர் கோடில் பெரிய எழுத்தில், வட்டில் சின்ன எழுத்தில். பெயரை மாற்றினேன், ஓடியது.