ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவது: யாராவது உருப்படியாக நடத்தியிருக்கிறீர்களா?

மெதுவோட்டம் எழுதியது:

ஞாயிறு காலையில் பதினாலு பேர் சேர்ந்து ஓடுகிற சின்னக் குழு எங்களுடையது. ஆறு கிலோமீட்டர், அப்புறம் அரை மணி நேரம் அரட்டை. போன மாதம் ஒருவர், "ஓடுகிற வழியில்தானே கிடக்கிறது, பொறுக்கிக்கொண்டே போனால் என்ன?" என்று கேட்டார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை, ஒரு பை.

முதல் வாரம் ஒரே உற்சாகம். இரண்டாவது வாரமே வேகமாக ஓடுகிற நான்கு பேர் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பறந்துவிட்டார்கள். மொத்தக் குப்பையும் பின்னால் வருகிற எங்கள் தலையில். இருபது அடிக்கு ஒரு தரம் குனிந்து நிமிர்ந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் அலுவலகத்தில் மேசையைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. மூன்றாவது வாரம் வந்தது ஐந்தே பேர்.

விட்டுவிட மனசில்லை. ஓட்டமும் கெடாமல் வேலையும் நடக்க வழி இருக்கிறதா?

சாக்குப்பை எழுதியது:

இருக்கிறது. ஆனால் முதலில் நாங்கள் அடித்த கூத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் செய்தது ப்ளாகிங். ஸ்வீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016 வாக்கில் கிளப்பிவிட்டது. அந்த ஊர் மொழியில் 'பொறுக்கி எடு' என்கிற சொல்லையும் ஜாகிங்கையும் ஒட்டிச் செய்த பெயர். தனியாளுக்கோ இரண்டு பேருக்கோ அருமையான விஷயம். பதினாலு பேர் என்றால் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் ஓடுவார். சேர்ந்து ஓடுகிற சுகமே போய்விடும். லண்டனில் தொடங்கிய குட்ஜிம் குழுக்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். ஓரிடத்துக்கு ஓடிப் போவது, அங்கே வேலை, திரும்ப ஓடி வருவது. ஓடும்போது ஓட்டம், வேலை செய்யும்போது வேலை. நாங்கள் நாலு வருடமாக இப்படித்தான் செய்கிறோம்.

எங்கள் முதல் வேலை ஒரு நூலகத்தின் பின்புறம். முக்கால் மணி நேரத்தில் பதினோரு மூட்டை. வாயைக் கட்டி, வாசல் பக்கம் வரிசையாக அடுக்கி, படமும் எடுத்துக்கொண்டு பெருமையாக ஓடி வந்துவிட்டோம். யார் எடுத்துப் போவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ராத்திரி நாய்கள் பதினோரு மூட்டையையும் கிழித்துவிட்டன. பின்னால் ஒளிந்து கிடந்தது அத்தனையும் விடிந்தபோது வாசலில் பரந்து கிடந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா போனில் கத்தவில்லை. "நீங்க வராமலே இருந்திருக்கலாம்ப்பா" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஓட்டம் கிடையாது, நேராகத் துடைப்பத்தோடு போய் நின்றோம்.

அன்றைக்குத்தான் அவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றே முதல் முறையாகக் கேட்டேன். அவருக்குப் பின்புறக் குப்பை ஒரு பொருட்டே இல்லை. பக்கவாட்டு வடிகாலில் சருகு அடைத்து, மழை பெய்தால் தண்ணீர் புத்தக அறைக்குள் வருகிறது. அதை எடுத்தால் போதும் என்றார். போன வாரம் அந்த வடிகாலைத் தாண்டிக் குதித்துத்தான் நாங்கள் பின்னால் போயிருந்தோம்!

ஆகவே இப்போது இடத்துக்குச் சொந்தக்காரரோ பொறுப்பாளரோ வேலையைச் சொல்ல வேண்டும், மூட்டையை யார், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டும் முடிவாகாமல் தேதி குறிப்பதில்லை.

உங்கள் வேகக்காரர்கள் பிரச்சினைக்குக் கணக்கு போடுங்கள். மூன்று கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்கிற வேகத்தில் ஓடுகிறவர் 15 நிமிடத்தில் வந்துவிடுவார். எட்டு நிமிடக்காரருக்கு 24. மெதுவாக ஓடுகிறவர்கள் ஒன்பது நிமிடம் முன்னால் கிளம்பட்டும், எல்லோரும் ஒன்றாய்ப் போய்ச் சேரலாம். அது பிடிக்காத வேகக்காரர்கள் சுற்றுவழியில் வரட்டும்.

இடுப்புக்கு: முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், கை மாற்றிக்கொண்டே இருங்கள், கனமான மூட்டைக்கு இரண்டு பேர். நின்று வேலை செய்யும்போது வியர்வை குளிர்ந்து உடம்பு விறைத்துவிடும். மாற்றுச் சட்டை வேண்டும். திரும்பும்போது முதல் ஐந்து நிமிடம் நடை. மெல்லிய ரப்பர் கையுறை பாட்டில் மூடிக்கே கிழிந்துவிடும், தோட்ட வேலைக் கையுறைதான் சரி. ஓட்டக் காலணியின் மேல்பக்கம் வெறும் வலை, கண்ணாடித் துண்டுக்கு அது ஒரு தடையே இல்லை. மண்வெட்டி, சாக்கு எல்லாம் முன்கூட்டியே அங்கே போய்விட வேண்டும். மண்வெட்டியோடு ஓடிப் பார்த்த ஒருவர் எங்களிடம் உண்டு, அவரை இன்னும் கிண்டல் செய்கிறோம். போட்டுவிட்டுப் போன மருந்து ஊசி கண்ணில் பட்டால் தொடாமல் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வெயில்நேரம் எழுதியது:

குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். சம்பளத்துக்குச் சுத்தம் செய்கிற ஆளின் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்துகொடுத்தால், "அதான் ஓடுகிற கூட்டம் வருகிறதே" என்று அந்த ஆளையே குறைத்துவிட மாட்டார்களா? தினமும் அதைச் செய்கிறவரை யாரும் படம் எடுப்பதில்லை.

சாக்குப்பை எழுதியது:

கோபம் என்ன, நியாயமான கேள்வி. எனக்கும் இதில் முழுத் தெளிவு இல்லை. தினசரி பெருக்குவது, கூட்டுவது பக்கம் நாங்கள் போவதில்லை. யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லாததைத் தேடுகிறோம்: நூலகத்தில் அலமாரி நகர்த்துவது, பூங்கா பெஞ்சுக்குச் சாயம், தனியாக இருக்கிற பெரியவர் வீட்டுப் புதரை வெட்டுவது. படத்தை அந்த நாய்ச் சம்பவத்தோடு நிறுத்திவிட்டோம். குட்ஜிம்மில் இன்னொன்றும் உண்டு. தனியாக இருக்கிற ஒரு முதியவரைப் பார்க்க ஒருவர் தவறாமல் ஓடிப் போவார்; அந்த முதியவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கோச்'. அவர் காத்திருக்கிறார் என்பதற்காகவாவது ஓடித்தானே ஆக வேண்டும். இந்த யோசனை எனக்குக் குப்பையைவிடப் பிடித்திருக்கிறது.

இடுக்கி எழுதியது:

நான் தனியாள், இன்னும் பொறுக்கிக்கொண்டேதான் ஓடுகிறேன். சிகரெட் துண்டை மட்டும் விடாதீர்கள். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று பலர் தாண்டிப் போகிறார்கள். அந்த வடிகட்டி பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட், அதாவது பிளாஸ்டிக். மழை வந்தால் நேராக வடிகாலுக்குத்தான் போகும். நீளமான இடுக்கி வாங்கினால் குனியவே வேண்டாம்.

மெதுவோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழந்தைகள் விளையாட்டுத் திடலின் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தேன். குப்பை பொறுக்க வருகிறோம் என்றதும், "அதுக்கு ஆள் இருக்காங்க. மணல் குழியைச் சலிச்சுத் தர முடியுமா? கண்ணாடித் துண்டு கிடக்குது, போன வாரம் ஒரு பிள்ளைக்குக் கால்ல ஏறிடுச்சு" என்றார். நாங்கள் கிளம்புகிற இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர். கண்ணாடியை வாளியில் தனியாகப் போட்டுவைத்தால் திங்கள் காலை ஏழு மணிக்கு அவரே எடுத்துக்கொள்வாராம். குழுவில் சொன்னேன். பையைச் சுருட்டிக்கொண்டு ஓடிய நான்கு பேரில் ஒருவர்தான் முதலில் பதில் போட்டார்: சல்லடை நான் கொண்டு வரட்டுமா என்று. எந்தச் சல்லடை சொல்லட்டும்?

சாக்குப்பை எழுதியது:

கொத்தனார் மணல் சலிக்கிற சல்லடை, கண் சின்னதாகப் பார்த்து. நிறுத்திவைத்து ஒருவர் வாரிப் போட, இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். கையால் துழாவ வேண்டாம். சனிக்கிழமை மழை பெய்தால் தள்ளிவையுங்கள், ஈர மணல் கண்ணை அடைத்துவிடும்.