'பிரேக்கிங் டான்': ஏமாற்றியது நாவலா, நம் எதிர்பார்ப்பா?

அரைப்பக்கம் எழுதியது:

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையில் பெல்லாவின் கதையை முடித்துவைக்கும் நான்காம் நாவலான 'பிரேக்கிங் டான்' 2008 ஆகஸ்ட் 2 அன்று வெளியானது. அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 லட்சம் படிகள் விற்றன. சில நாள்களுக்குள் அந்நாட்டு வாசகர்களில் ஒரு பகுதியினர், வாங்கிய புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று இணையத்தில் ஒருவரையொருவர் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது கல்லூரி முதலாண்டு மாணவியாக இருந்த நான் அதைச் சற்று மிகையான கோபம் என்றே நினைத்தேன். சென்ற மாதம் நான்கு நாவல்களையும் வரிசையாக மறுபடி படித்த பிறகு, அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

என் குறை இதுதான். வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்ற மழை ஓயாத சிற்றூருக்கு வந்துசேரும் பெல்லா, எட்வர்ட் என்னும் ரத்தக்காட்டேரியைக் காதலிக்கிறாள். தானும் அவனைப்போல் ஆகவேண்டும் என்கிறாள். ஆனால் என்னென்ன போகும் என்பதை முதல் மூன்று நாவல்களும் ஒவ்வொன்றாகக் கணக்கெழுதிக் காட்டின. தந்தை சார்லியை மறுபடி பார்க்க முடியாது. ஓராண்டுக்காவது ரத்தவெறியைத் தவிர வேறு நினைவே இராது. பிள்ளை பெற முடியாது; 'எக்லிப்ஸ்' நாவலில் எட்வர்டின் குடும்பத்தைச் சேர்ந்த ரோசலி தன் பழைய கதையைச் சொல்லிப் பெல்லாவை எச்சரிப்பதே இந்த ஒன்றை முன்வைத்துத்தான். ஆன்மாவே அழிந்துவிடும் என்பது எட்வர்டின் அச்சம். ஓநாயாக மாறக்கூடிய ஜேக்கப்பின் நட்பும் போய்விடும், ஏனெனில் அவன் குலத்துக்கு ரத்தக்காட்டேரிகள் பரம்பரைப் பகைவர்கள்.

நான்காம் நாவலில் இந்தக் கணக்கைத் தீர்க்கும் வேளை வந்தபோது, ஆசிரியர் கடன்பத்திரத்தையே கிழித்துப் போட்டுவிட்டார். மாறுவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிடுகிறது. மாறிய சில நாள்களில் சார்லி வீட்டுக்கே வந்து மகளைப் பார்க்கிறார். ரத்தவெறி அவளை அண்டவே இல்லை. ஜேக்கப் குடும்பத்தில் ஒருவனாகிவிடுகிறான். 750 பக்கங்களுக்கு மேல் படித்து முடித்த எனக்கு, அவள் வேண்டியதில் எதையாவது இழந்தாளா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

நூலகத்து எலி எழுதியது:

அரைப்பக்கம் அவர்களுக்கு வணக்கம். கடன்பத்திரம் என்று நீங்கள் சொன்னது என் வாதத்துக்கு மிகவும் தோதாக அமைந்துவிட்டது, ஏனெனில் இந்த நாவலுக்குள் ஒரு கடன்பத்திர நாடகம் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

வோல்டூரி எனப்படும் இத்தாலிய ரத்தக்காட்டேரி அதிகாரக் கூட்டம், பெல்லாவின் குழந்தை ரெனெஸ்மியைக் காரணம் காட்டிப் படையோடு வரப்போகிறது என்று தெரிந்ததும், எட்வர்டின் குடும்பத்தில் வருவதை முன்கூட்டியே காணக்கூடிய ஆலிஸ் ஒரு சீட்டை எழுதிவைத்துவிட்டு மறைந்துபோகிறாள். அந்தச் சீட்டு, பெல்லாவிடம் இருந்த ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' புத்தகத்திலிருந்து கிழித்த தாள். ஒருவனுடைய மார்பில் கத்தி இறங்கப்போகும் நேரத்தில், வழக்காடு மன்றத்தில் எழுந்த ஒரு பெண்ணின் சொல் அந்தக் கத்தியை நிறுத்துகிற நாடகம் அது. வோல்டூரிகளுடனான மோதலும் அவ்வாறே சாட்சிகளால் தீர்கிறது. ரெனெஸ்மியைப் போலவே பாதி மனிதனாகப் பிறந்து 150 ஆண்டுகள் வாழ்ந்த நஹுவேலை ஆலிஸ் தென்னமெரிக்காவிலிருந்து அழைத்துவந்து நிறுத்த, வழக்கு தள்ளுபடியாகிறது. நாவலின் அட்டையில் இருப்பதும் வாளன்று, சதுரங்கக் காய்கள்தாம்: முன்னே வெள்ளை ராணி, பின்னே சிவப்புச் சிப்பாய். போர் வராது என்பதற்கு ஆசிரியர் இதைவிட என்ன குறிப்புத் தர முடியும்? வாசகர்கள் தாங்களே ஒரு போரைக் கற்பனை செய்துகொண்டு, அது நடக்கவில்லை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், குறை எவருடையது?

வாதாபி எழுதியது:

எலியார் அவர்களே, போரை வாசகர்கள் தாங்களே கற்பனை செய்துகொண்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டம் கூட்டமாக ஆள் சேர்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் என்ன ஆற்றல் என்று பக்கம் பக்கமாக அறிமுகம் நடக்கிறது. பெல்லா தன் மனக்கவசத்தைப் பிறர்மேல் விரிக்கப் பயிற்சி எடுக்கிறாள். பிறகு பனி படர்ந்த வெளியில் எல்லாரும் நின்று பேசிவிட்டுக் கலைகிறார்கள். பரணி பாடப்போகிறேன் என்று தொடங்கியவர் தூது பாடி முடித்ததுபோல் இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்துக்கு ஆசிரியரே வைத்திருக்கும் தலைப்பின் பொருள், 'பாழாய்ப்போன சண்டை எப்போதுதான் தொடங்குமோ என்று காத்திருத்தல்'. ஜேக்கப்பின் எரிச்சலாக அங்கே வைத்தது, கடைசி அத்தியாயம்வரை வாசகனின் எரிச்சலாக நீடித்தது. 2012 நவம்பரில் வந்த திரைப்படம் முழுப் போரைக் காட்டி, தலைகளை உருட்டி, பிறகு அது ஆலிஸ் கண்ட எதிர்காலக் காட்சி மட்டுமே என்று சொல்லித் தப்பித்தது. நாவலின் முடிவு அப்படியே திரையில் நிற்காது என்று படமெடுத்தவர்களுக்கே தெரிந்திருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் என் மனத்தாங்கல் போரைப் பற்றியதன்று, ஜேக்கப்பைப் பற்றியது. எட்டு முதல் பதினெட்டு வரையுள்ள பதினோரு அத்தியாயங்களை அவன்தான் சொல்கிறான். வரிசை முழுவதிலும் மிகச் சிறந்த உரைநடை அதுவே என்பது என் கருத்து. கசப்பும் கேலியும் தன்மேல் தனக்கே உள்ள வெறுப்பும் கலந்த ஓர் இளைஞனின் குரல். பெல்லாவைக் கொன்றுவிட்டதாக அவன் நம்பும் குழந்தையைத் தானே கொல்வதற்காகப் படியிறங்கிப் போகிறான். குழந்தையின் கண்களைப் பார்க்கிறான். அந்தக் கணமே, ஓநாயாக மாறுகிறவர்களைத் தம்மை அறியாமலே ஒருவரோடு என்றைக்குமாகக் கட்டிவிடும் 'இம்ப்ரிண்டிங்' என்னும் பிணைப்பு அவனைப் பற்றிக்கொள்ள, மூன்று நாவல்களாக அவன் பட்ட பாடு அனைத்தும் கரைந்துபோகிறது. பிறந்து சில நிமிடங்களே ஆன சிசுவோடு அவனுடைய எதிர்காலத்தை முடிச்சிட்டது அருவருப்பு என்று அன்றைக்கே பலர் எழுதினார்கள். நான் அதோடு இன்னொன்றும் சொல்வேன்: அவனுடைய துயரத்தை அவனே கடந்து வர ஆசிரியர் அவனுக்கு வாய்ப்பளிக்கவில்லை.

கார்த்திகை நிலா எழுதியது:

வாதாபி அண்ணா, இம்ப்ரிண்டிங் வானத்திலிருந்து விழவில்லை. 'எக்லிப்ஸ்' நாவலிலேயே குவில் என்பவன் இரண்டு வயதுக் கிளேரோடு பிணைக்கப்படுகிறான்; காதலாக அன்று, அண்ணனாக, காவலனாக இருப்பான் என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. எனக்கும் அது உவப்பாக இல்லை, ஆனால் விதியை மீறினார் என்று சொல்ல இடமில்லை.

அரைப்பக்கம் அக்காவின் கேள்விக்குத்தான் நான் முதன்மையாக விடைசொல்ல வந்தேன். பெல்லா எதையும் கொடுக்கவில்லை என்று சொல்பவர்கள் கருவுற்ற பகுதியை விரைந்து புரட்டிவிட்டார்களோ என்று ஐயப்படுகிறேன். வயிற்றில் இருக்கும் பிள்ளை அசைந்தால் விலா எலும்பு முறிகிறது. உண்ட உணவு தங்குவதில்லை. கடைசியில் மனித ரத்தத்தைக் குடிக்கவேண்டி வருகிறது. உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியாதபடி மூடியும் உறிஞ்சுகுழலும் போட்ட கோப்பையில் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் உறிஞ்சிப் பார்த்து, அது தனக்குப் பிடித்திருக்கிறது என்று கூசிக் கூசி ஒப்புக்கொள்கிறாள். நான் இந்தப் பகுதியை என் ஆறாம் மாதத்தில் படித்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்காக முருங்கைக்கீரையைச் சாறு பிழிந்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து தந்துகொண்டிருந்த காலம் அது. அதன் நெடியை மறக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். பேய்க்கதை என்று எடுத்த புத்தகத்தில் என் உடம்பைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள் என்ற உணர்வு அன்று வந்ததை இன்னும் மறக்கவில்லை.

பிறகு முதுகெலும்பு முறிந்து, அவளை ரத்தக்காட்டேரியாக மாற்றும் நஞ்சை இதயத்தில் ஊசியால் செலுத்தி, உடல் முழுதும் தீப்பற்றியதுபோல் எரிகிறது. எட்வர்ட் தாங்கமாட்டான் என்பதற்காக அவள் ஒரு குரல்கூட எழுப்பாமல் அதைப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறாள். இதற்கு மேல் என்ன விலை கொடுக்கவேண்டும்?

அரைப்பக்கம் எழுதியது:

நிலா, அந்தப் பகுதியை நான் புரட்டிவிடவில்லை. நாவலில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. நீ சொன்ன பிறகு, கோப்பையில் அவள் குடிக்கும் இடத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். உன் கண்ணுக்குப் பட்டது எனக்கு முன்பு படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் வலி வேறு, விலை வேறு. வலி தீர்ந்துபோகக்கூடியது, விலை என்று கொடுத்தது திரும்பி வருவதில்லை. பெல்லாவின் முறிந்த எலும்புகள் எல்லாம் கூடிவிடுகின்றன, கூடிய பிறகு முன்னிலும் அழகியாக எழுந்து வருகிறாள். சார்லியைத் துறப்பதா, மனித வாழ்வைத் துறப்பதா என்று முந்தைய நாவல்களில் அவள் பட்ட தவிப்புதான் கதையை நகர்த்தியது. அந்தத் தவிப்பு தேவையற்றது, இரண்டும் கிடைத்திருக்கும் என்று கடைசியில் சொல்லும்போது, நாம் முன்பு அவளோடு சேர்ந்து பட்ட கவலையும் பின்னோக்கிப் பொய்யாகிவிடுகிறது. இம்ப்ரிண்டிங் ஒருவரிடமிருந்து எதைப் பறிக்கும் என்று காட்டுவதற்கு இந்தக் கதையில் ஜேக்கப்பின் குலத்தைச் சேர்ந்த லியா இருக்கிறாள். அவளைக் காதலித்த சாம், எமிலியோடு பிணைக்கப்பட்டதும் அவளை விட்டுப் போய்விட்டான், அவளுக்கு எவரும் எதையும் ஈடுசெய்யவில்லை. விலை என்றால் எனக்கு லியாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அவளைப் பற்றி அறிந்த ஆசிரியர் பெல்லாவிடம் மட்டும் ஏன் கையை இழுத்துக்கொண்டார்?

முதல் பகுதியின் முகப்பில் எட்னா செயின்ட் வின்சென்ட் மிலேயின் ஒரு கவிதை அடியை மேயர் எடுத்து வைத்திருக்கிறார்: குழந்தைப் பருவம் என்பது எவரும் சாகாத ராஜ்யம் என்பது அதன் பொருள். அந்த ராஜ்யத்தைப் பெல்லா விட்டு வெளியேறுவாள் என்று சொல்வதற்கே அது அங்கே இருக்கிறது என நான் எண்ணினேன். நாவலோ எவரும் சாகாமல் முடிந்தது.

நூலகத்து எலி எழுதியது:

ஒரு திருத்தம். இரினா என்னும் ரத்தக்காட்டேரி கொல்லப்படுகிறாள். ரெனெஸ்மியைத் சிறுவயதிலேயே ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்ட, தடைசெய்யப்பட்ட சாகாக் குழந்தை என்று தவறாக நினைத்து வோல்டூரிகளிடம் சொன்னவள் அவளே. தவறு தெரிந்த பிறகு அவள் சகோதரிகளின் கண்ணெதிரே அவர்கள் அவளை எரிக்கிறார்கள்.

வாதாபி எழுதியது:

உண்மைதான். ஆனால் இரினாவுக்காக வாசகர் எவராவது அழுதிருந்தால் அவரை நான் சந்திக்க விரும்புகிறேன்.

திண்ணைவாசி எழுதியது:

நெடுநாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன் நான். இன்று ஒரு செய்தியைச் சொல்லலாம் என்று வந்தேன். இந்த வரிசை எழுதப்பட்ட முறையை மேயரே விவரித்திருக்கிறார். 'ட்வைலைட்' நாவலை முடித்தவுடன் அவர் எழுதியது 'நியூ மூன்' அன்று. 'ஃபாரெவர் டான்' என்ற நேரடித் தொடர்ச்சி. அது வெளியாகவில்லை, தம் சகோதரிக்குப் பிறந்தநாள் பரிசாக அதை அவர் கொடுத்தார். 'பிரேக்கிங் டான்' நாவலின் கரு அதிலிருந்து வந்ததுதான்: குழந்தை, இம்ப்ரிண்டிங், வோல்டூரிகள் வந்து திரும்பிப் போவது எல்லாம். இடையிலுள்ள 'நியூ மூன்', 'எக்லிப்ஸ்' இரண்டும் பிறகு எழுதி நடுவே வைக்கப்பட்டவை.

அரைப்பக்கம் அவர்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு இதில் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஜேக்கப்பின் காதல் ஆழப்பட்டது, லியாவின் துயரம், ரோசலியின் எச்சரிக்கை, புதிதாக மாறியவர்களின் வெறி ஆகிய அனைத்தும் நடுவில் வந்த இரு நாவல்களில் வளர்ந்தவை. முடிவோ அவை பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. மலையுச்சியில் கோயிலைக் கட்டிவிட்டுப் பிறகு படி வெட்டப் போனவர்கள், வெட்ட வெட்டப் படிகள் வேறொரு மலைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த கதை இது. எலியார் காட்டிய சதுரங்கக் குறிப்பும் நாடகத் தாளும் உண்மையானவைதாம். ஆனால் இரண்டு நாவல்களாக ஏறியிருந்த எதிர்பார்ப்பைத் தாங்க அவை போதவில்லை.

நூலகத்து எலி எழுதியது:

திண்ணைவாசி ஐயா சொன்னது எனக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் அதை ஆசிரியருக்கு எதிரான சான்றாக நான் கருதியதில்லை. முடிவைத் தீர்மானித்துக்கொண்டு எழுதுவது குற்றமாகாது. இடையில் எழுதியவற்றுக்காக முடிவை மாற்றியிருக்க வேண்டும் என்பது உங்கள் கட்சி. தாம் முதலில் கண்ட முடிவையே காப்பாற்றினார் என்பது என் கட்சி. தன்னைச் சாதாரணமானவள் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருத்தி, கதையின் கடைசியில் அத்தனை பேரையும் காக்கும் கவசமாக நிற்கிறாள். சிப்பாய் ராணியாகும் ஆட்டத்தில், அந்தச் சிப்பாய் வெட்டுப்பட்டிருந்தால்தான் ஆட்டம் நேர்மையானது என்று நாம் கேட்பதில்லை.

அரைப்பக்கம் எழுதியது:

வெட்டுப்பட வேண்டும் என்று கேட்கவில்லை எலியார் அவர்களே. பலகையின் மறுகோடிவரை ஒவ்வொரு கட்டமாக நடந்து போகட்டும் என்றுதான் கேட்டேன்.

திண்ணைவாசி ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். அது எப்படி நேர்ந்தது என்று எனக்குப் புரிகிறது. அதனால் ஏமாற்றம் குறைந்ததா என்றால் இல்லை. இதை எழுதுவதற்கு முன், பெல்லா முதல் வேட்டையிலிருந்து திரும்பிவரும் பகுதியை மறுபடி பார்த்தேன். காட்டில் மனித வாடை வீசியும் அவள் தன்னை அடக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்ற செய்தி வீட்டுக்கு வருகிறது. எல்லாரும் வியக்கிறார்கள், அக்குடும்பத்து ஜாஸ்பர் மட்டும் கலங்கிப்போகிறான். அந்த வெறியோடு பல பத்தாண்டுகளாகப் போராடிக்கொண்டிருப்பவன் அவன். புதிதாக மாறியவர்களைப் படையாக வைத்துப் பழக்கியவனும் அவனே. அவன் பட்ட பாடெல்லாம் தேவையே இல்லாததோ என்ற ஐயம் அவனுக்கு வந்துவிட்டது என்று எட்வர்ட் விளக்குகிறான். மூன்று நாவல்களை நம்பிப் படித்தவர்களின் கேள்வியும் அதுவேதான். நாவலுக்குள்ளேயே ஒருவன் அதை எழுப்பிவிட்டான். மேயர் அவனைச் சில வரிகளில் அங்கிருந்து அனுப்பிவிட்டு, குழந்தையின் அறைக்குக் கதையைத் திருப்பிவிடுகிறார்.