புதுப்பிப்பு: கூட்டத்தில் மாண்டரின் பேசுவது பற்றிப் பேசிவிட்டேன்

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகக் கூட்டங்களில் பேச்சு பாதியில் மாண்டரினுக்குப் போய்விடுகிறது, எனக்கும் ஒரு மலாய்த் தோழிக்கும் மட்டும் புரிவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

புகாராகக் கொண்டு போகவில்லை. மூத்த சக ஊழியர் ஒருவரிடம் தனியாகச் சொன்னேன்: "சாப்பிடும்போது எந்த மொழியில் பேசினாலும் எனக்கு வருத்தமில்லை. வேலை பற்றி முடிவெடுக்கும்போது மட்டும் எங்களுக்கும் புரிய வேண்டும்." அவர் கோபப்படவில்லை. அவர் வீட்டில் முதலில் ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழிதானாம். சீனர்கள் இப்படிப்பட்ட மொழிகளை விட்டு மாண்டரின் பேச வேண்டும் என்று 1979இல் அரசு தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் மாண்டரினுக்கு மாற, பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் பேசுவதே புரியாமல் போயிற்றாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் மனம் கனத்தது.

இப்போது கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. யாராவது மாண்டரினுக்கு மாறினால் அந்த மூத்த சக ஊழியரே சுருக்கமாக விளக்கிவிடுகிறார்.

சட்டத்தைக் காட்டச் சொன்னவர்களுக்கு: 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பணியிட நியாய மசோதா, வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்ற முடிவுகளில் மொழித்திறனை வைத்துப் பாகுபாடு காட்டுவதைப் பற்றியது. சக ஊழியர்களின் பேச்சுக்கு அதை இழுப்பது சரியாக இருக்காது.

அப்புறம், தமிழர்களும் இதையே செய்கிறோம் என்று ஒருவர் எழுதியது முழு உண்மை. தோழி உடனிருந்தால் தமிழ் நண்பர்களும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம்.

வாட்ஸ்அப் குழு மட்டும் பாக்கி. அங்கே குரல் பதிவுகள் இன்னும் மாண்டரினில்தான் வருகின்றன. அதையும் அந்த மூத்த சக ஊழியரிடமே கேட்கப் போகிறேன்.