சாட்ஜிபிடிக்கு எங்கள் ஊர் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை

காரைக்குடி வழிகாட்டி:
ஒன்பது ஆண்டுகளாகச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன். காலையில் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, பிறகு கானாடுகாத்தான் தெருக்கள், மாலையில் திருமயம் கோட்டை. போன வாரம் வந்த பிரெஞ்சுத் தம்பதி சாட்ஜிபிடியைக் கேட்டே பயணத்தைத் திட்டமிட்டார்களாம். அது காட்டியதெல்லாம் மதுரையிலிருந்து காரில் அழைத்துவரும் நிறுவனங்கள். விடுதிக் காவலாளி சொல்லித்தான் என்னிடம் வந்தார்கள். இணையதளம் இருந்தும் இந்தக் கதி ஏன்?

வலைத்தச்சன்:
உங்கள் தளத்தைப் பார்த்தேன். கட்டணம், நேரம், புறப்படும் இடம் எல்லாமே ஒரே படத்துக்குள் இருக்கின்றன. கண்ணுக்கு அழகு, தேடுபொறிக்கு வெற்றுச் சுவர். எழுத்தாகப் போடுங்கள். தளத்தை எந்தத் தானியங்கி நிரல்கள் (பாட்கள்) படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் (robots.txt) திறந்து பாருங்கள். அங்கே ஓப்பன்ஏஐயின் தேடல் நிரலான ஓஏஐ-செர்ச்பாட்டை (OAI-SearchBot) தடுத்திருந்தால் சாட்ஜிபிடி தேடலில் உங்கள் பக்கம் எடுத்தாளப்படாது. அதே நிறுவனத்தின் ஜிபிடிபாட் (GPTBot) வேறு, அது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தரவு திரட்டுவது. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்த்தே பூட்டிவிடுகிறார்கள்.

மலைப்பாதை:
'சிறந்த சுற்றுலா' என்று எழுதாதீர்கள் ஐயா, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றுவதை நேரில் பார்க்கலாமா, முழங்கால் வலி உள்ளவர் கோட்டை ஏறலாமா என்றுதான் பயணிகள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் எழுதுங்கள். கூகுள் வணிகப் பக்கத்திலும் அதே பெயர், அதே தொலைபேசி எண் இருக்கட்டும்.

காரைக்குடி வழிகாட்டி:
அந்தப் படம் என் மைத்துனர் செய்து கொடுத்தது. எடுத்தால் முகம் சுளிப்பார். பரவாயில்லை, இன்றிரவே தட்டச்சு செய்கிறேன். கோப்பைத் திறந்தேன்: இரண்டு பாட்களையும் தடுத்துத்தான் வைத்திருந்தது.